தரையில் குற்றமில்லை

நகர எழில் வாரியத்தின் கூட்ட அறைக்குத் தரை போட்டவர் அவர்தான். அந்தத் தரையில் கால் வைக்க இப்போது அவருக்கு அனுமதி கிடையாது. நடுவில் பதினொரு வருடம் ஓடியிருக்கிறது. அந்தப் பதினொரு வருடத்தில் தரை அப்படியே இருந்தது, அவருடைய கால்களும் அப்படியே இருந்தன, வாரியம் மட்டும் வளர்ந்துவிட்டது.

அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் கருவியின் பெயர் அது. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி இருக்கும், அது நடுவில் வந்து நின்றால் தரை மட்டம் என்று அர்த்தம். இவருக்கு அந்தக் கருவி வேண்டியதில்லை. கல் பதித்து முடித்த தரையில் கண்ணை மூடிக்கொண்டு நாலு தப்படி நடப்பார். "இங்கே ஒரு நூல் இறங்கியிருக்கு" என்பார். நம்பாத பொறியாளர்கள் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். சரியாக ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, இறங்கியிருக்கும்.

இந்த வித்தையைச் செருப்புக்குள் இருந்துகொண்டு செய்ய முடியாது. முப்பது வருடம் ஈரச் சாந்திலும் கல் தூளிலும் வெறுங்காலோடு நின்றதில் அவருடைய பாதங்கள் முன்பக்கம் விரிந்து, விரல்கள் ஒன்றோடொன்று பேசாத பங்காளிகளாக விலகிப் போயிருந்தன. ஒருமுறை மனைவி வற்புறுத்திச் செருப்புக் கடைக்கு இழுத்துப் போனாள். கடைக்காரர் ஏழெட்டு ஜோடிகளை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "செருப்பு எதுவும் ஆகாதுங்க. அட்டைப் பெட்டி வேணா சரியா இருக்கும்" என்றார்.

அவருடைய வீடு, இருபத்திரண்டு வீடுகள் கொண்ட ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. சுவரும் கூரையும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. தரை மட்டும் பார்க்க வேண்டியது. வேலை செய்த இடங்களில் உடைந்து மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து, ஒவ்வொன்றாகப் பொருத்தி, ஒன்பது வருடத்தில் போட்ட தரை. முன்னறையில் வங்கிக் கட்டடத்தின் பச்சைக் கல். அடுப்படியில் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் வெள்ளை. படுக்கிற அறையில் சினிமாக் கொட்டகையின் சிவப்பு. வாசற்படிக்கு வாரியத்தின் கூட்ட அறையில் மிஞ்சிய கறுப்பு.

அவர் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அவளுக்கு வாயும் கொஞ்சம் சூடுதான். "இந்த ஊரிலேயே பெரிய இடத்துப் பொண்டாட்டி நான்தான். பேங்க்ல பெருக்கி, ஆஸ்பத்திரில சமைச்சு, தியேட்டர்ல படுத்துத் தூங்குறேன்" என்பாள். சாவியைத் தேடினால், "பேங்க்ல கிடக்கு பாருங்க" என்பாள். வெளியார் கேட்டால் தலை சுற்றும். அந்த வீட்டில் அதுதான் விலாசம்.

இப்படி இருக்கையில் ஒருநாள் காலை வாரியத் தலைவர் அந்தச் சந்துக்கு வந்தார். பின்னால் செயலாளர், அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர், எல்லோருக்கும் பின்னால் புகைப்படக்காரர். வீடு வீடாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் ரசமட்டத்தின் வீட்டு வாசலில் நின்றுவிட்டார்கள். தலைவரின் பார்வை தரையில் விழுந்தது.

"இதுல நடக்கலாமா?" என்று கேட்டார் தலைவர்.

"தாராளமா நடங்க சார்" என்றார் ரசமட்டம். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருவர் இடது காலணியைக் கழற்றினார், இன்னொருவர் வலது. உள்ளேயிருந்து வெளுத்துச் சுருங்கிய இரண்டு பாதங்கள் வெளியே வந்தன. தலைவர் பச்சைக் கல்லில் நின்றார், வெள்ளைக் கல்லுக்கு நடந்தார், கண்ணை மூடிக்கொண்டார். "ஆஹா" என்றார். அந்த ஆஹாவைச் செயலாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். புகைப்படம் எடுக்கப்பட்டது.

அவர்கள் போன பிறகு மனைவி, "பாவங்க, அந்த மனுஷன் காலுக்குக் காத்தே காட்டாம வளர்ந்திருக்கார்" என்று உச்சுக்கொட்டினாள். இரண்டு பேரும் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்கள்.

அடுத்த வாரம் சந்தின் முனையில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. நகர மக்கள் காலணிக்கு அடிமையாகி மண்ணோடு உள்ள உறவை இழந்து வருவதால், அவர்கள் செருப்பில்லாமல் நடந்து நலம் பெறும்பொருட்டு, இந்தச் சந்து இருக்கும் இடத்தில் 'வெறுங்கால் நலப் பூங்கா' அமைக்கப்படும். வீடுகள் அகற்றப்படும். குடியிருப்போருக்கு ஊருக்கு வெளியே நாலாவது மாடியில் இடம் தரப்படும். ஆட்சேபணை இருந்தால் குறிப்பிட்ட நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்ட அறைக்கு நேரில் வந்து சொல்லலாம். இருக்கை வசதி கருதிச் சந்துக்கு ஒருவர் மட்டும் வரலாம். வராவிட்டால் அனைவரும் சம்மதித்ததாகக் கருதப்படும்.

சந்து முழுக்கக் கூடிப் பேசியது. அங்கே இருந்த பாதிப் பேர் ஆயுளில் செருப்புப் போட்டதில்லை. "நாமதான் ஏற்கெனவே செருப்பில்லாம நடக்கிறோமே, அப்புறம் எதுக்குப் பூங்கா?" என்று ஒருவர் கேட்டார். தையல்காரர் மனு எழுதினார். இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். யார் போவது என்றபோது எல்லோரும் ரசமட்டத்தைப் பார்த்தார்கள். "நீங்க போட்ட தரைதானே, உங்களுக்கென்ன கூச்சம்?" என்றார் தையல்காரர்.

அன்று காலை வெள்ளைச் சட்டையை மனைவியே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "கையைக் கட்டிக்கிட்டு நிக்காதீங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. கல்லைப் பத்திப் பேச ஆரம்பிச்சிடாதீங்க" என்று மூன்று புத்திமதிகள் சொல்லி அனுப்பினாள்.

பத்தே காலுக்கு ரசமட்டம் வாரியத்தின் வாயிலில் இருந்தார். அங்கே ஒரு பாதத்தை வரைந்து அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். படத்தின் கீழே நடுத்தர வயதுக் காவலாளி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் காலில் தொட்டில் அளவுக்குப் பூட்ஸ். வாரியம் எல்லாக் காவலாளிகளுக்கும் ஒரே அளவில் பூட்ஸ் வாங்கியிருந்தது. பாகுபாடு கூடாது என்பது கொள்கை.

"அண்ணே, செருப்பு எங்கே?" என்றார் காவலாளி.

"போடுறதில்லப்பா."

"வெறுங்காலோட உள்ளே விடக் கூடாதுண்ணே. புது விதி."

"விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்கப்பா. பதினோரு மணிக்கு."

"உங்களைத்தான் கூப்பிட்டிருக்காங்க, உங்க காலைக் கூப்பிடலையே" என்று சொல்லிவிட்டு, காவலாளி தானே கூச்சப்பட்டார். "நான் சொல்லலண்ணே. இப்படித்தான் சொல்லணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

விஷயம் இதுதான். சில மாதங்களுக்கு முன் வெளியூர்ப் பிரமுகர்கள் சிலர் வாரியத்தைப் பார்வையிட வந்தபோது, தாழ்வாரத்தில் ஒருவர் வெறுங்காலோடு நடந்து அவர்களுடைய புகைப்படத்தில் விழுந்துவிட்டார். நாலு நாள் அவசரக் கூட்டம் நடந்தது. முடிவில் பாத ஒழுங்கு அலுவலர் என்று ஒரு பதவி உண்டாக்கப்பட்டது. அதுவரை பூந்தொட்டிப் பிரிவில் இருந்தவர் அதற்கு உயர்த்தப்பட்டார். காவலாளி அவரைத்தான் இப்போது அழைத்தார்.

அலுவலர் வந்து ரசமட்டத்தின் கால்களைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய அதிகாரம் கணுக்காலோடு முடிந்துவிடும்.

"ஐயா, உங்க கால் மேல எங்களுக்கு ஒரு கோபமும் இல்ல. நாங்க பேசுறது தரையோட மரியாதையைப் பத்தி. உள்ளே இருக்கிறது எப்பேர்ப்பட்ட தரைன்னு தெரியுமா?"

"தெரியும் சார். நான் போட்டதுதான்."

"போடுறது வேற, நடக்கிறது வேற. போடும்போது நீங்க தொழிலாளி. இப்போ நீங்க பொதுமக்கள். பொதுமக்களுக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு. அதை நீங்க காப்பாத்தலைன்னா நாங்கதான் காப்பாத்தியாகணும்."

"சரி சார், காலணின்னா என்ன சார்?" என்று கேட்டார் ரசமட்டம். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அலுவலர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். "உள்ளங்காலுக்கும் தரைக்கும் இடையே, மனிதனால் செய்யப்பட்டதும் கெட்டியானதுமான ஒரு பொருள் தொடர்ந்து இருந்துவருதல்."

ரசமட்டம் வலது காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டினார். முந்தின நாள் வேலையில் ஒட்டிய சிமெண்ட் அங்கே ஒரு படலமாகக் காய்ந்திருந்தது. நேற்றைய சிமெண்டுக்குக் கீழே போன வாரத்துச் சிமெண்ட். அதற்குக் கீழே எந்தக் காலத்துச் சிமெண்டோ.

"இதுவும் மனுஷன் செஞ்சதுதான் சார். கெட்டியாவும் இருக்கு. தொடர்ந்து இருந்துக்கிட்டும் வருது."

அலுவலர் குனிந்து பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். ஒரு கணம் கலங்கிப்போனார் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு பதவி அவரைக் காப்பாற்றியது.

"சிமெண்ட் கட்டுமானப் பொருள். காலணி ஆகாது. நீங்க உங்க கால்ல கட்டுமானம் பண்ணியிருக்கீங்க. அதுக்கு அனுமதி வாங்கியிருக்கீங்களா?"

மணி பத்தே முக்கால். வாயிலுக்கு எதிரே மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தன் ரப்பர் செருப்பைக் கழற்றி நீட்டினார். ரசமட்டம் இரண்டு விரல்களை அதில் நுழைத்தார், மற்றவை வெளியே நின்றன. எப்படியோ இழுத்துக்கொண்டு வந்தார்.

"இது குளியலறைக் காலணி" என்றார் அலுவலர். "குதிகால் மூடியிருக்கணும். நீங்க குளிக்கவா வந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, விசாரணைக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டார்.

ரசமட்டத்துக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இருபத்திரண்டு கையெழுத்து கையில் இருக்கிறது, பதினைந்து நிமிடம் இருக்கிறது, நடுவில் நிற்பது அவருடைய சொந்தக் கால். காவலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். கூண்டுக்குள் போனார். பூட்ஸைக் கழற்றி, உள்ளே திணித்திருந்த செய்தித்தாள்களை உருவிவிட்டு, கொண்டுவந்து வைத்தார்.

"போட்டுக்கிட்டுப் போங்கண்ணே. நான் கூண்டுக்குள்ளேயே நின்னுக்கிறேன். சீக்கிரம் வந்துடுங்க."

அகலத்துக்கு அந்தப் பூட்ஸ் சரியாக இருந்தது. ஆயுளில் முதல்முறையாக அவருடைய பாதத்தை ஏற்றுக்கொண்ட காலணி. நீளத்துக்கு மட்டும் முன்னால் ஒரு சாண் காலியாக இருந்தது. "உன் நல்ல மனசுக்கு…" என்று தொடங்கியவரைக் காவலாளி உள்ளே தள்ளிவிட்டார்.

கூட்ட அறையில் மேடைமேல் நீண்ட மேசை. அதன்மேல் தரைவரை தொங்கும் பச்சைத் துணி. துணிக்குப் பின்னால் தலைவர், செயலாளர், பாத ஒழுங்கு அலுவலர், குறிப்பு எழுதுபவர், பாத நல நிபுணர் என்று ஐந்து பேர். ரசமட்டம் தரையைப் பார்த்தார். பதினொரு வருடமாகியும் ஒரு இணைப்பு விலகவில்லை. ஏழு முறை தேய்த்து அவர் ஏற்றிய மெருகு அப்படியே இருந்தது. உள்ளங்காலில் அது தெரியாததுதான் குறை. சொந்தப் பிள்ளையைக் கையுறை போட்டுத் தொடுகிற மாதிரி இருந்தது.

நிபுணர் பேசிக்கொண்டிருந்தார். "மனிதன் பிறந்தது வெறுங்காலோடு. நோய்கள் வந்தது காலணியோடு. நாம் தரையைத் தொடுவதில்லை. அதனால் தரை நம்மோடு பேசுவதில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் எழுந்தார். "நான் இந்தப் பதவிக்கு வந்து எவ்வளவோ திறந்து வெச்சிருக்கேன். ஆனா அன்னிக்கு அந்தச் சந்துல ஒரு சாதாரண வீட்டுத் தரையில வெறுங்காலோட நின்னப்பதான் நான் மனுஷனா உணர்ந்தேன். அந்த உணர்வு எல்லாருக்கும் கிடைக்கணும். அதுக்கு முதல்ல அந்த வீட்டுக்காரங்க அங்கேயிருந்து போகணும். ஒருத்தரே வெச்சுக்கிட்டா அது சுயநலம்." மீண்டும் கைதட்டல். தலைவர் உட்கார்ந்துகொண்டு, "ஆட்சேபணை யாராவது உண்டா?" என்றார்.

"இருக்கு சார்" என்று ரசமட்டம் எழுந்தார். "மனு கொண்டுவந்திருக்கேன்."

"கொண்டாங்க."

அவர் நடந்தார். அதே கல் பதித்த மேடையில் கால் வைத்தார். மூன்றாவது எட்டில் பூட்ஸின் காலி முனை மடங்கி, அடிப்பாகம் அந்த மெருகில் வழுக்கியது. தரை தன் வேலையைச் சரியாகச் செய்தது. ரசமட்டம் மனுவும் கையுமாக நெடுஞ்சாண்கிடையாகச் சறுக்கிக்கொண்டு போய், பச்சைத் துணிக்கு உள்ளே தலை நுழைந்து நின்றார்.

மேசைக்கு அடியில் அரையிருட்டாக இருந்தது. அங்கே ஐந்து ஜோடிக் காலணிகள் ஓரமாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. பத்துப் பாதங்கள் அவருடைய குளிர்ந்த தரையில் விரலை விரித்து, தேய்த்து, சுகம் கண்டுகொண்டிருந்தன. நடுவில் இருந்த வெளுத்த பாதங்களை அவருக்கு அடையாளம் தெரிந்தது. அவற்றின் மேல்தான் அவருடைய கை இருந்தது.

மேலேயிருந்து தலைவரின் குரல் கேட்டது. "எழுந்திருங்க, எழுந்திருங்க. இதெல்லாம் எதுக்கு? நல்லா இருங்க." ஒரு கை துணிக்குள் வந்து, பழக்கப்பட்ட விதமாக அவர் தலையைத் தொட்டு ஆசி வழங்கிவிட்டுப் போனது. புகைப்படம் எடுக்கும் சத்தம் கேட்டது.

ரசமட்டம் தவழ்ந்து வெளியே வந்தார். ஒரு பூட்ஸ் கழன்று எங்கேயோ போயிருந்தது. நிபுணர் அவருடைய வெறுங்காலைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார். "இதுதான்! நான் சொன்ன இலட்சியப் பாதம் இதுதான்! பாருங்க, விரல் எப்படி விரிஞ்சிருக்கு! நம்ம பூங்காவுல இருபது வருஷம் நடந்தா எல்லாருக்கும் இப்படி ஆகலாம்!" கூட்டம் கைதட்டியது. பாத ஒழுங்கு அலுவலர் அதே காலைப் பார்த்து, "கூட்ட அறைக்குள் வெறுங்கால். உடனே வெளியேறவும்" என்றார். இரண்டும் ஒரே மூச்சில் நடந்தன. இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"சார், நீங்களும்தான் மேசைக்கு அடியில…" என்று ரசமட்டம் ஆரம்பித்தார்.

"மேசைக்கு அடியில் இருப்பது பொது இடம் இல்லை" என்றார் அலுவலர்.

அப்போது குறிப்பு எழுதுபவர் எழுதியதைச் சத்தமாகப் படித்தார். "ஆட்சேபணை தெரிவிக்க வந்தவர், தலைவரின் காலில் விழுந்தார். மனுவைத் தலைவரின் காலடியில் வைத்தார்." பேனாவைத் தூக்கிக்கொண்டு செயலாளரைப் பார்த்தார். "சார், படிவத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு. ஆட்சேபித்தார், ஆட்சேபிக்கவில்லை. இது எதுல வரும்?"

"காலில் விழுந்தவர் எப்படிய்யா ஆட்சேபிப்பார்?" என்றார் செயலாளர்.

"ஐயோ, நான் அந்த மாதிரி விழலை சார். வழுக்கி விழுந்தேன். வழுக்கி விழுந்தேன்னு எழுதுங்க" என்றார் ரசமட்டம்.

செயலாளர் பொறுமையானவர். முதல்முறையாக ஒருவர் ரசமட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பேசினார். "எழுதலாம். ஆனா வழுக்கினதுன்னு எழுதினா தரை சரியில்லைன்னு ஆகும். பொதுக் கட்டடத்துல ஆள் விழுற மாதிரி தரை போட்டவர் யாருன்னு விசாரிக்கணும். தரை போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"அப்போ நீங்களே சொல்லுங்க. தரையில குற்றம் இருக்கா?"

இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்ன ஆகியிருக்கும்? ஒரு விசாரணை, ஒரு கெட்ட பெயர், ஆனால் இருபத்திரண்டு வீடுகளின் ஆட்சேபணை உயிரோடு இருந்திருக்கும். ரசமட்டம் அந்தத் தரையைப் பார்த்தார். மூலைக்கு மூலை மட்டம். ஒரு நூல் ஏற்றமில்லை, ஒரு நூல் இறக்கமில்லை. தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அப்படியே நிற்கும். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தரையில குற்றமில்லை சார்."

"குற்றமில்லைன்னா வழுக்காது. வழுக்கலைன்னா நீங்களா விழுந்தது. எழுதிக்கய்யா. ஆட்சேபிக்கவில்லை."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மனைவி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அவங்க தரையைக் காப்பாத்திட்டு நம்ம தரையை விட்டுட்டு வந்தீங்களா?" என்றாள். தெரியாமல் சொன்னேன் என்று சொன்னால் அது பொய். தெரிந்தேதான் சொன்னார். சந்துக்காரர்கள் திட்டினார்கள், தையல்காரர் மட்டும் திட்டவில்லை. "நான் தைச்ச சட்டையில தையல் கோணல்னு என்னாலயும் சொல்ல முடியாது" என்றார்.

இரண்டு மாதத்தில் சந்து போய்விட்டது. இடிக்கிற அன்று வாரியத்து ஆட்கள் ரசமட்டத்தின் வீட்டில் சுவரையும் கூரையையும் மட்டும் எடுத்தார்கள். தரையைத் தொடவில்லை. தலைவர் ஆஹா என்று சொன்ன தரை என்பதால் அதைப் பாதுகாக்கும்படி கோப்பில் இருந்தது. அதில் வாழ்ந்தவர்களைப் பற்றிக் கோப்பில் ஒன்றும் இல்லை. அவர்கள் நாலாவது மாடிக்குப் போனார்கள். அந்த வீட்டின் தரை, நுழைந்த முதல் நாளே, கதவிலிருந்து ஜன்னலுக்குப் போவதற்குள் மூன்று நூல் இறங்கியிருந்தது. ரசமட்டம் ராத்திரி பகல் எந்நேரமும் சரிவில் நிற்கிறவராகவே இருந்தார். அவர் சாவியைத் தேடும்போது மனைவி, "எங்கேயோ கிடக்கு" என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

பூங்கா திறந்து ஒரு மாதம் கழித்து, ஒரு விடுமுறைநாள் காலையில், "ஒரு தடவை காலை வெச்சுட்டு வந்திடுவோம்" என்று ரசமட்டம் சொன்னார். மனைவி மறுக்கவில்லை.

பூங்கா வாசலில் வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. அவற்றிலிருந்து இறங்கியவர்கள் ஒரு ஜன்னலில் காலணிகளைக் கழற்றிக் கொடுத்து, டோக்கன் வாங்கி, கூழாங்கல் பாதையில் கூச்சலும் சிரிப்புமாக நடந்துகொண்டிருந்தார்கள். அனுமதி இலவசம், டோக்கன் கட்டாயம் என்று எழுதியிருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் அந்தக் காவலாளி. பணி நேரத்தில் வெறுங்காலோடு நின்று பொதுமக்களைப் போல் தோற்றமளித்தார் என்ற குற்றத்துக்காக அவரை இங்கே மாற்றியிருந்தார்கள். பூட்ஸ் அதேதான்.

"வாங்கண்ணே" என்றார் காவலாளி. உடனே முகம் மாறியது. "செருப்பு?"

"போடுறதில்லப்பா. உனக்குத் தெரியாதா?"

"செருப்பைக் கழட்டிக் குடுத்தாத்தான் டோக்கன். டோக்கன் இருந்தாத்தான் உள்ளே."

"உள்ளே வெறுங்காலோடதானே நடக்கணும்?"

"ஆமாண்ணே."

"நான் வெறுங்காலோடதானே வந்திருக்கேன்?"

"போட்டுக்கிட்டு வந்து கழட்டணும்ண்ணே. போடாம வர்றவங்க பூங்காவைப் பயன்படுத்துறாங்களா, சும்மா வந்துட்டாங்களான்னு கண்டுபிடிக்க முடியாதாம்." காவலாளி குரலைத் தாழ்த்தினார். "என் பூட்ஸைப் போட்டுக்கிட்டு அந்த முனை வரைக்கும் போயிட்டு வாங்க. இங்கே கழட்டிக் குடுங்க. டோக்கன் தர்றேன்."

ரசமட்டம் பூட்ஸைப் பார்த்தார். "வேண்டாம்ப்பா. போன தடவை அதைப் போட்டதுக்குத்தான் நீ இங்கே இருக்கே, நான் வெளியில இருக்கேன்."

மனைவி தன் ரப்பர் செருப்பைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். "குளியலறைக் காலணி. ஆகுமா?"

"கழட்டுறதுக்கு எது இருந்தாலும் சரிதாம்மா" என்று காவலாளி டோக்கனைக் கொடுத்தார்.

அவள் உள்ளே போனாள். ரசமட்டம் கம்பி வேலியை ஒட்டி நடந்து, தன் வீடு இருந்த இடத்துக்கு நேராக வந்து நின்றார். சுவர் இல்லாமல், கூரை இல்லாமல், தரை மட்டும் வெயிலில் கிடந்தது. ஒரு குடும்பம் அவருடைய படுக்கையறையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் போனதும் மனைவி கறுப்புப் படியில் கால் வைத்து, பச்சைக் கல்லில் நடந்து, வெள்ளைக் கல்லில் வந்து நின்றாள். எப்போதும் அடுப்புக்கு முன்னால் நிற்கிற இடத்தில், எப்போதும் நிற்கிற பக்கம் திரும்பி நின்றாள்.

"எப்படி இருக்கு?" என்று வேலிக்கு வெளியேயிருந்து கேட்டார்.

"ஆஸ்பத்திரிப் பக்கம் இறங்கியிருக்குங்க. எனக்கே தெரியுது."

"குதிகாலை அழுத்திப் பாரு. எவ்வளவு?"

"ரெண்டு நூல் இருக்கும்."

"அடியில தண்ணி விட்டிருப்பாங்க, படுபாவிங்க" என்றார். "அங்கே ஒரு பலகை இருக்கே, என்ன எழுதியிருக்கு?"

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இந்தத் தளத்தைச் செய்தவர் யார் என்று தெரியவில்லை. இதன்மேல் வெறுங்காலோடு நிற்கும்போது மனிதர் அனைவரும் சமம்."

ரசமட்டம் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. பாதிதான் வெளியே வந்தது.

"சமம் எங்கேடி இருக்கு? ரெண்டு நூல் இறங்கியிருக்குன்னு இப்பத்தானே சொன்னே?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த இறங்கிய கல்லின் மேலேயே நின்றாள். பின்னால் காவலாளி வந்து, வேலிக்கு அருகில் வெறுங்காலோடு யாரும் நிற்கக் கூடாதாம், கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும்படி அவரிடம் கேட்டுக்கொண்டார்.